மரத்தில் கடிகாரம் செய்த தச்சர், கடலையே அளந்த கதை!

ரீல்ஸ் ஓட்டும்போது உங்க கண்ணில் கண்டிப்பா பட்டிருக்கும். கொஞ்சம் அட்டை, பழைய பைப் துண்டு, தங்க நிற பெயின்ட். பத்தே நிமிஷத்துல லட்ச ரூபாய் வாட்ச் மாதிரியே ஒண்ணு ரெடி! பார்க்க அசத்தலாத்தான் இருக்கும். ஆனா, மணி காட்டுமா? அங்கேதான் மாட்டிக்கும்.

மணியும் காட்டணும், அதுவும் உலகத்தில் வேற எந்தக் கடிகாரமும் காட்டாத அளவுக்குத் துல்லியமா காட்டணும், செலவு மட்டும் கையைக் கடிக்கக் கூடாது. இப்படி ஒரு வேலையில் 300 வருஷத்துக்கு முன்னாடி இறங்கியவர் ஒரு தச்சர். கடிகாரக் கடையில் வேலை கத்துக்கிட்டவர் இல்லை. பெரிய படிப்பும் இல்லை. கையில் இருந்தது உளி, இழைப்புளி, மரம். அவர் பெயர் ஜான் ஹாரிசன்.

உங்க போன்ல மேப்பைத் திறந்ததும் ஒரு நீலப் புள்ளி நீங்க நிற்கிற இடத்தைக் காட்டுது இல்லையா? அதுக்குக் காரணம் செயற்கைக்கோள்களில் இருக்கும் அணுக் கடிகாரங்கள். நேரத்தைத் துல்லியமா அளந்தால் இடத்தைக் கண்டுபிடிச்சுடலாம். இந்த யோசனை ஹாரிசனுக்கு முன்பே இருந்தது. அதைக் கடலில் செய்து காட்டிய முதல் ஆள் அவர்தான்.

தச்சுப் பட்டறையில் ஒரு கடிகாரம்

1693-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஃபௌல்பி என்ற சின்ன ஊரில் பிறந்தார் ஹாரிசன். அப்பா தச்சர். குடும்பம் பிறகு லிங்கன்‌ஷயரில் இருக்கும் பாரோ என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. பையனும் அப்பாவின் தொழிலையே கத்துக்கிட்டார்.

சின்ன வயசில் அம்மை போட்டுப் படுத்திருந்தபோது, பொழுது போகட்டும் என்று யாரோ ஒரு வாட்ச்சைக் கையில் கொடுத்தார்கள், அதன் டிக் டிக் சத்தத்தைக் கேட்டபடியே கிடந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, வளர்ந்த பிறகு அவருக்குக் கடிகாரம் பிடித்துப்போனது உண்மை. ஒரு பாதிரியார், கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஒருவருடைய அறிவியல் விரிவுரைகளின் கைப்பிரதியை அவருக்குப் படிக்கக் கொடுத்தார். ஹாரிசன் அதை எழுத்து விடாமல், படங்களோடு சேர்த்து நகல் எடுத்து வெச்சுக்கிட்டார். அவருக்குக் கிடைத்த காலேஜ் அதுதான்.

1713-ல், 20 வயதில், முதல் கடிகாரத்தைச் செய்து முடித்தார். அந்தக் காலத்துக் கடிகாரக்காரர்கள் பித்தளையில் பல்சக்கரம் வெட்டுவார்கள். பித்தளை விலை அதிகம். ஹாரிசன் தனக்குத் தெரிந்த பொருளை எடுத்தார். ஓக் மரம்!

மரத்தில் பல்சக்கரமா, பல் உடைஞ்சுடாதா என்று உங்களுக்குத் தோணுதா? சரியான கேள்விதான். ஒரே பலகையில் வட்டமா வெட்டினால் சில பற்கள் மரத்தின் நாருக்குக் குறுக்கே அமையும். அழுத்தம் பட்டதும் பெயர்ந்து வந்துடும். அதனால் ஹாரிசன் சக்கரத்தின் விளிம்பைத் துண்டு துண்டாகச் செய்து பொருத்தினார். ஒவ்வொரு பல்லிலும் நார் அதன் நீளவாக்கிலேயே ஓடும்படி பார்த்துக்கிட்டார். பித்தளைக்காரருக்கு இந்தப் பிரச்னையும் வராது, இந்தத் தீர்வும் தோணாது. மரத்தோடு பழகிய கைக்குத்தான் அது தெரியும். அவருடைய ஆரம்பகால மரக் கடிகாரங்களில் மூன்று இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன.

எண்ணெய் கேட்காத கடிகாரம்

1722 வாக்கில் பிராக்கிள்ஸ்பி பார்க் என்ற பெரிய எஸ்டேட்டின் சொந்தக்காரர், தன் குதிரை லாயத்துக்கு மேலே ஒரு கோபுரக் கடிகாரம் வேண்டும் என்றார். இங்கேதான் ஹாரிசனின் மூளை வேற லெவலில் வேலை செய்தது.

அந்தக் காலத்துக் கடிகாரங்களுக்கு எமன், எண்ணெய். உராய்வு குறையணும்னு எண்ணெய் விடுவார்கள். குளிரில் அது கெட்டியாகும், நாளானால் பிசுபிசுப்பாகும், தூசியை இழுக்கும். கடிகாரம் தாமதமாகும், ஒருநாள் நின்னே போகும். எல்லோரும் நல்ல எண்ணெய்க்காக அலைந்தார்கள். ஹாரிசனோ எண்ணெயே தேவைப்படாத கடிகாரம் செய்ய முடியுமா என்று யோசித்தார்.

லிக்னம் வைட்டே என்று ஒரு மரம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வருவது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. அதன் விசேஷம், மரத்துக்குள்ளேயே பிசின் கலந்த எண்ணெய்ப்பசை இருக்கும். அச்சு சுழலும் இடங்களில் இந்த மரத்தை வைத்தார். தனியாக எண்ணெய் விடும் வேலையே ஒழிந்தது. அந்தக் கோபுரக் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. 300 வருஷம்!

அடுத்து தம்பி ஜேம்ஸோடு சேர்ந்து ஊசல் கடிகாரங்களில் இறங்கினார். வெயிலில் உலோகம் நீளும், குளிரில் சுருங்கும். ஊசல் நீண்டால் கடிகாரம் மெதுவாகும். ஹாரிசன் பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி ஓர் ஊசல் செய்தார். எஃகு கீழ்நோக்கி நீளும். பித்தளை அதைவிட அதிகம் நீளும் என்பதால், அது மேல்நோக்கி நீளும்படி பொருத்தினார். இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். ஊசலின் நீளம் மாறாது.

சரி, கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? அதைவிடத் துல்லியமான கடிகாரம் அந்தக் கிராமத்தில் ஏது? வானத்தைப் பார்த்தார். தன் வீட்டு ஜன்னல் விளிம்பு, பக்கத்து வீட்டுப் புகைபோக்கி. இந்த இரண்டையும் நேர்கோடாக வைத்து, ஒரு நட்சத்திரம் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டார். அதே நட்சத்திரம் ஒவ்வொரு ராத்திரியும் 3 நிமிடம் 56 நொடி முன்னதாக மறையும். கடிகாரம் அதே வித்தியாசத்தைக் காட்டணும். செலவே இல்லாத ஆய்வுக்கூடம்! தன் கடிகாரங்கள் மாதத்துக்கு ஒரு நொடிகூட தப்புவதில்லை என்று அவர் எழுதி வைத்தார். நல்ல வாட்ச்சே ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் தப்பிய காலம் அது.

20,000 பவுண்டு பரிசு

இந்த நேரத்தில் இங்கிலாந்தில் ஒரு பெரிய பரிசு யாருக்கும் கிடைக்காமல் காத்திருந்தது.

1707-ல் பிரிட்டிஷ் கடற்படையின் 4 போர்க்கப்பல்கள் சில்லி தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. 1,400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதையே தப்பாகக் கணித்திருந்தார்கள். வடக்கு தெற்கில் எங்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்துச் சொல்லிவிடலாம். கிழக்கு மேற்கில் எங்கே? அதாவது தீர்க்கரேகை என்ன? அதைக் கடலில் கண்டுபிடிக்க நம்பகமான வழியே இல்லை.

பதில் கடிகாரத்தில் இருந்தது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நம்ம ஊர் நேரத்தையே எடுத்துக்குங்க. இந்தியாவின் நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 82.5-ஐ 4-ஆல் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம். உங்க போன்ல லண்டனில் இருக்கும் கிரீன்விச்சின் சராசரி நேரத்தைவிட நாம் 5:30 முன்னே இருப்பதாகக் காட்டுவது இதனால்தான். அதுபோல, கிளம்பிய துறைமுகத்தின் நேரத்தைக் கப்பலில் ஒரு கடிகாரம் தப்பாமல் காட்டினால், நடுக்கடலில் உச்சி வெயில் நேரத்தோடு அதை ஒப்பிட்டு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம்.

ஆனால் கப்பல் ஆடும். ஊசல் கடிகாரம் அங்கே செல்லாது. வெயில், குளிர், ஈரம் வேறு. நியூட்டனே கடலில் அப்படியொரு கடிகாரம் ஓடும் என்று நம்பவில்லை. 1714-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மேற்கிந்தியத் தீவுகள் வரை போகும் பயணத்தில் தீர்க்கரேகையை அரை டிகிரிக்குள் சொல்லும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்டு. அரை டிகிரி என்றால், வாரக்கணக்கில் நீளும் பயணம் முழுக்கச் சேர்த்து 2 நிமிடம்தான் தப்பலாம்.

34 கிலோ கடிகாரம்

1730-ல் ஹாரிசன் தன் வரைபடங்களோடு லண்டனுக்குப் போனார். வானியலாளர் எட்மண்ட் ஹாலி, வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான், அவரைப் புகழ்பெற்ற கடிகாரக்காரர் ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். போட்டியாளரிடம் ரகசியத்தைக் காட்டுவதா என்று தயங்கித்தான் போனார். காலையில் தொடங்கிய பேச்சு இரவு வரை நீண்டது. கடைசியில் கிரஹாம் வட்டியில்லாமல் பணம் கொடுத்து அனுப்பினார்.

ஐந்து வருஷத்தில் முதல் கடல் கடிகாரம் பிறந்தது. இன்று அதன் பெயர் ஹெச்-1. எடை 34 கிலோ. உள்ளே இன்னும் ஓக் மரச் சக்கரங்கள்தான்! 1736-ல் லிஸ்பனுக்குக் கப்பலில் போய்த் திரும்பியது. திரும்பும்போது தூரத்தில் தெரிந்த நிலத்தைக் கப்பலின் மாலுமி ஓர் இடம் என்றார். ஹாரிசன் வேறு இடம் என்றார். ஹாரிசன் சொன்னதுதான் சரி. மாலுமியின் கணக்கு சுமார் 60 மைல் தப்பு.

வேறு யாராக இருந்தாலும் பரிசுக்கான பயணத்தை உடனே கேட்டிருப்பார்கள். ஹாரிசன் என்ன கேட்டார் தெரியுமா? இதில் குறை இருக்கிறது, இன்னும் நல்லதாக ஒன்று செய்ய 500 பவுண்டு கொடுங்கள் என்றார். ஹெச்-2 செய்தார். அதிலும் ஒரு குறையைத் தானே கண்டுபிடித்து, தானே ஒதுக்கினார். ஹெச்-3-க்கு இறங்கினார். அது 19 வருஷத்தை விழுங்கியது. அந்த வருஷங்களில் பிறந்தவைதான் பித்தளையையும் எஃகையும் ஒட்டிய ஈருலோகப் பட்டையும், கூண்டுக்குள் உருளும் பேரிங்கும். இரண்டின் வாரிசுகளும் இன்றைக்கும் நம்ம வீட்டு மின் சாதனங்களிலும் வாகனங்களிலும் வேலை செய்கின்றன. ஆனால் ஹெச்-3 அவர் எதிர்பார்த்த துல்லியத்தைத் தரவில்லை.

60 வயதில் ஒரு யு-டர்ன்

1753-ல் ஹாரிசனுக்கு வயது 60. தான் சொன்ன அமைப்பில் ஜான் ஜெஃப்ரிஸ் என்ற கடிகாரக்காரரை ஒரு பாக்கெட் வாட்ச் செய்யச் சொல்லியிருந்தார். அது வியக்கும் அளவுக்குச் சரியாக ஓடியது. ஹாரிசனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெரிசா, கனமா, மெதுவா ஆடும் கடிகாரத்தைக் கப்பல் அசைத்துவிடும். சின்னதா, வேகமா துடிக்கும் வாட்ச்சை அவ்வளவு எளிதாகக் கலைக்க முடியாது. இருபது வருஷத்துக்கு மேல் போட்ட உழைப்பை ஓரமாக வைத்துவிட்டு வேறு வழியில் திரும்பினார்.

1759-ல் முடிந்தது ஹெச்-4. 13 செ.மீ. அகலம், எடை சுமார் ஒன்றரைக் கிலோ. வெள்ளி உறை, வெள்ளை எனாமல் டயல், கறுப்பு எண்கள். நொடிக்கு 5 முறை துடிக்கும். பார்க்க ஒரு ராஜாவின் பாக்கெட் வாட்ச்சைப் பெரிதாக்கியது மாதிரி இருக்கும். உள்ளே வைரமும் மாணிக்கமும்கூட இருந்தன!

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. ஓக் மரத்தில் தொடங்கியவர் வைரத்துக்கு ஏன் வந்தார்? பகட்டுக்கா? இல்லை. அந்த வைரங்கள் டயலில் மின்னவில்லை. உள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ஓயாமல் உரசும் பாகத்தில் இருந்தன. இவ்வளவு சின்ன வாட்ச்சில் அந்த வேகத்துக்குத் தேயாமல் ஈடுகொடுக்க அந்தக் கடினம் தேவைப்பட்டது. மரம் செய்யக்கூடிய வேலைக்கு மரம். மரத்தால் முடியாத வேலைக்கு வைரம். ஒரு பொருளின் விலை என்ன என்று அவர் பார்க்கவில்லை, அது என்ன வேலை செய்யும் என்றுதான் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அவர் செய்தது அந்த ஒரே காரியம்தான்.

ஜெயித்தும் கிடைக்காத பரிசு

1761 நவம்பரில் ஹெச்-4 ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. வயதாகிவிட்டதால் மகன் வில்லியம் உடன் போனார். வழியில் மதீரா தீவு எப்போது கண்ணில் படும் என்பதில் கப்பல் தலைவரின் கணக்கும் வில்லியமின் கணக்கும் மோதின. வில்லியம் சொன்னபடியே தீவு தெரிந்தது. இரண்டு மாதத்துக்கும் மேலான பயணத்தில் வாட்ச் தப்பியது சுமார் 5 நொடி. அனுமதி 2 நிமிடம்!

பரிசு கிடைத்திருக்கணும், இல்லையா? தீர்க்கரேகை வாரியம் மறுத்துவிட்டது. தற்செயலாக நடந்திருக்கலாம், ஜமைக்காவின் தீர்க்கரேகையே சரியாகத் தெரியாது என்று காரணங்கள் வந்தன. 1764-ல் பார்படோஸுக்கு இரண்டாவது சோதனை. தப்பியது சுமார் 39 நொடி. அதுவும் வரம்புக்குள், வெகு உள்ளே. அப்படியும் முழுப் பரிசு வரவில்லை.

வாரியத்தில் வானியலாளர்கள் இருந்தார்கள். நிலாவின் நகர்வை வைத்துக் கணக்குப் போட்டுத் தீர்க்கரேகை கண்டுபிடிக்கும் வழியைத்தான் அவர்களில் பலர் நம்பினார்கள். அந்த வழியின் முக்கியமான ஆதரவாளர் நெவில் மாஸ்கெலின். 1765-ல் அவரே அரசு வானியலாளராகவும் ஆனார். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஒரு மனிதர் ஒரு வாட்ச் செய்தால் போதுமா? மற்றவர்களும் அதைச் செய்ய முடியணுமே. ஆனால் அதற்காக அவர்கள் போட்ட நிபந்தனைகள் கடுமையானவை.

பாதிப் பணம் வேண்டுமா? வாட்ச்சை நிபுணர்கள் முன்னால் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் விளக்கணும். 72 வயதுக்காரர் தன் வீட்டிலேயே அதைச் செய்தார். பிறகு கடிகாரங்கள் எல்லாவற்றையும் ஒப்படைக்கணும் என்றார்கள். 1766-ல் மாஸ்கெலின் வந்து எடுத்துப் போனார். வெளியே கொண்டுபோகும்போது ஹெச்-1-ஐ ஆட்கள் கீழே போட்டார்கள். லிஸ்பன் வரை கடலில் போய்ப் பத்திரமாகத் திரும்பிய கடிகாரம், சொந்த வீட்டு வாசலில் அடிபட்டது.

மிச்சப் பணத்துக்கு இன்னும் இரண்டு நகல்கள் செய்து காட்டணும். ஹெச்-4 அவர் கையில் இல்லை. மகனோடு சேர்ந்து ஹெச்-5-ஐச் செய்தார். கண் மங்கிய வயது. விஷயம் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் காதுக்குப் போனது. 1772-ல் மன்னரே தன் சொந்த வானியல் கூடத்தில் அதைச் சோதித்தார். பத்து வார முடிவில், ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு நொடிக்கு மேல் தப்பவில்லை. 1773-ல் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 80. பணம் கிட்டத்தட்ட முழுசா வந்தது. ஆனால் அந்தப் பரிசு ஹாரிசனுக்கென்று இல்லை, யாருக்குமே அதிகாரபூர்வமாக வழங்கப்படவில்லை.

இன்னொரு பரிசு கடல் வழியாக வந்தது. லார்கம் கெண்டல் என்ற கடிகாரக்காரர் செய்த ஹெச்-4-இன் நகலை எடுத்துக்கொண்டு கேப்டன் ஜேம்ஸ் குக் தன் இரண்டாவது உலகப் பயணத்துக்குப் போயிருந்தார். 1775-ல் திரும்பி வந்து அந்த வாட்ச்சைப் பாராட்டினார். அதாவது வேறு ஒருவர் கையாலும் அதைச் செய்ய முடியும், வருஷக்கணக்கில் அது ஓடும். வாரியத்தின் சந்தேகத்துக்குக் கடலே பதில் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு, 1776 மார்ச் 24-ல், லண்டனில் தன் வீட்டில் ஹாரிசன் இறந்தார். வயது 83.

250 வருஷம் கழித்து ஒரு ரிசல்ட்

சாவதற்கு முந்தைய ஆண்டு ஹாரிசன் ஒரு புத்தகம் எழுதினார். 100 நாளில் ஒரு நொடிக்குள் ஓடும் ஊசல் கடிகாரம் செய்ய முடியும் என்று அதில் சொன்னார். விமர்சகர்கள் கேலி செய்தார்கள். 2015-ல் அவர் எழுதி வைத்த யோசனைகளின்படி மார்ட்டின் பர்ஜெஸ் என்ற கைவினைஞர் உருவாக்கிய கடிகாரத்தை கிரீன்விச்சில் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்துச் சோதித்தார்கள். 100 நாளில் தப்பியது ஒரு நொடிக்கும் குறைவு. கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பிடித்தது.

கிரீன்விச் போனால் இப்போதும் ஹாரிசனின் கடல் கடிகாரங்களைப் பார்க்கலாம். ஹெச்-1, ஹெச்-2, ஹெச்-3 மூன்றும் ஆடிக்கொண்டிருக்கும். வெள்ளியும் வைரமும் உள்ள ஹெச்-4 மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதற்கு எண்ணெய் வேண்டும், ஓடினால் தேயும் என்பதால் ஓட விடுவதில்லை. அதே நேரம், பிராக்கிள்ஸ்பி பார்க்கின் குதிரை லாயத்துக்கு மேலே அந்த மரக் கடிகாரம் மணி காட்டிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த தடவை வீட்டில் கிடக்கும் பொருளை வைத்து ஏதாவது செய்ய உட்காரும்போது, காஸ்ட்லியா தெரியுமா என்று யோசிப்பதற்கு முன்னாடி, இந்தப் பொருள் இங்கே என்ன வேலை செய்யும் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பாரோ கிராமத்துத் தச்சர் அங்கிருந்துதான் தொடங்கினார்.